நசார் சேர் பிழைக்க வைத்த பாடம்

செய்தி பாடசாலையின் ஆசிரியர் அறைக்குத்தான் வந்தது. "நசார் சேர் விடிய சுபஹுத் தொழுகையோட மௌத்தாகிட்டார்" என்று அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னார். பின்னேரத்துக்குள் குறிஞ்சாக்கேணியில் அடக்கம் முடிந்துவிட்டது. நாள்தோறும் அவரோடு சண்டை பிடித்த எனக்குத் தாங்க முடியவில்லை.

அவர் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தார். நான் இந்து நாகரிகம். உரோமரின் சுவரோவியங்களை அச்செடுத்து வந்து என் மேசையில் பரப்புவார். குழந்தையொன்று இரண்டு பாம்புகளைப் பிடித்திருக்கும் படத்தைக் கண்டதும் "இது கண்ணன்" என்றேன்.

"ரீச்சர், கண்ணன் பாம்புக்கு மேல ஆடுவார். இந்தப் பிள்ளை கழுத்தை நெரிக்குது. பேரைப் பிறகு சொல்லுங்கோ, முதல்ல கையைப் பாருங்கோ."

அது ஹேர்குலிஸ். அவர் சொன்னது சரி என்பதால் எனக்குக் கோபம் கூடித்தான் வந்தது.

ஒரு வருடம் மாணவர் போதாதென்று அவருடைய பாடத்தை நிறுத்த அதிபர் முடிவெடுத்தார். பெற்றோர் கூட்டத்தில் ஒரேயொரு படம் காட்ட நசார் சேர் அனுமதி கேட்டார். கடற்கரையில் ஒரு பெண், தூரத்தில் கப்பல், அதைச் சுட்டிக்காட்டும் சிறகு முளைத்த சிறுவன். துறைமுகத்துச் சனமல்லவா, "புருசனை வழியனுப்புறா" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

"வழியனுப்புறவ பாயில கிடப்பாவா? கையில என்ன இருக்குது?"

"போர்வை" என்றார் ஒருவர். கட்டைபறிச்சானிலிருந்து வந்த அம்மா ஒருவர் எழும்பினார். "இப்பத்தான் முழிச்சிருக்கிறா. சொல்லாமப் போட்டான், பாவி."

"ஓம். அவ பேர் அரியாட்னி. தன்ர உயிரைக் காப்பாத்தினவளை விட்டுட்டுப் போறவன் தீசியஸ். உரோமன்ர சுவரை நீங்களே வாசிச்சுப் போட்டீங்கள். உங்கட பிள்ளைகளுக்கு ஏலாதா?"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அடுத்த தவணை அவருடைய வகுப்புக்குக் கதிரை போதவில்லை. அதிபரே இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்ததை நான் கண்குளிரப் பார்த்தேன். நசார் சேர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்படி ஒரு வெற்றியை எங்கள் பாடசாலையில் நான் வேறு கண்டதில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் அதிபர் என்னைக் கூப்பிட்டார். "படிப்பிக்க ஆளில்லை, ரீச்சர். இனி நிப்பாட்டத்தானே வேணும்?"

"ஏலாது" என்றேன். "நான் படிப்பிக்கிறன்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பாடத்தை. நேரசூசியில் அவருடைய பெயருக்குக் கீழே என் பெயரை நானே எழுதினேன். திங்கட்கிழமை முதலாம் பாடவேளைக்குப் போனேன். வகுப்பு நிரம்பியிருந்தது.