சிவப்புக் கோட்டைத் தொடாத போத்தல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மகளை அறைந்தேன். ஆறு வயதுப் பிள்ளை. மழையில் நனைந்துகொண்டு, கையில் ஒரு போத்தலோடு நின்றவளை.

‘பிள்ளையோடு உட்கார்ந்து கைவேலை செய்யுங்கள்’ என்று எனக்கு எழுதிய அத்தனை வாசகர்களையும் அந்த நிமிஷம் அறைந்திருப்பேன். நல்லவேளை... நீங்கள் யாரும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன், பவி எந்நேரமும் போனும் கையுமாகவே இருக்கிறாள் என்று இதே பக்கத்தில் புலம்பியிருந்தேன். வந்து குவிந்தன யோசனைகள்! பத்தி எழுதுகிறவளுக்குப் பாராட்டு வருகிறதோ இல்லையோ, பிள்ளை வளர்க்கப் புத்திமதி மட்டும் தவறாமல் வந்துவிடும். கைவேலை சொல்லிக்கொடுங்கள்... கற்பனை வளரும்... தாய்க்கும் பிள்ளைக்கும் பாசம் பெருகும்... சரி, பெருகட்டுமே என்று இறங்கினேன்.

போனிலிருந்து பிள்ளையை மீட்கக் கைவேலை. அந்தக் கைவேலையைக் கற்றுக்கொள்ள எங்கே போவது? அதே போனுக்குத்தான்!

வீடியோவில் வந்த பெண், “முதல்ல ஒரு க்ளூ கன் எடுத்துக்கோங்க” என்றாள். ஏதோ உப்பு எடுத்துக்கொள்ளச் சொல்வதுபோல. பண்டாரவளையில் பள்ளிக்கூடம் முடிந்து வரும் வழியில், பெரகலைச் சந்தியில் இறங்கி, வழக்கமாகச் சாமான் வாங்கும் கடை நானாவிடம் கேட்டேன்.

“துவக்கா? அதெல்லாம் நம்மகிட்ட இல்ல டீச்சர்” என்று சிரித்தார் மனிதர். “கம் போத்தல் இருக்கு. ஒட்டும். ஆனா சுடாது.”

சுடாததை வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த வீடியோவில் டொய்லட் பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழாய் ஆறு வேண்டும் என்றார்கள். எங்கள் லயத்து வீட்டில் அதற்கெல்லாம் வாளியும் கோப்பையும்தான். கடைசியில் முட்டைத் தட்டை வெட்டி ஆந்தை செய்தோம். இரண்டு மணி நேர உழைப்பு. வேலை முடிந்து வந்த என் கணவர் செல்வம் பார்த்துவிட்டு, “தவளை நல்லா இருக்குடா தங்கம்” என்றார். பவி அழுத அழுகையில் பக்கத்து காம்பராக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காவதாவது பரவாயில்லை. குரங்குக்காவது கோயில் இருக்கிறது.

அப்புறம்தான் அந்தப் போத்தல்.

டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு இன்னுமா லயத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், இருக்கிறேன். செல்வத்துக்குத் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. அந்த வேலைக்குக் கிடைத்த வீடு இது. வேறு வீடு கட்டக் காணி வேண்டுமே... ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கான். கானை ஒட்டி டொய்லட். டொய்லட்டை ஒட்டி மலை. இவ்வளவுதான் எங்கள் விலாசம்.

ஒருமுறை அதிகாரிகள் வந்தார்கள். மலையைப் பார்த்தார்கள், வெடிப்பை அளந்தார்கள், எங்கள் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு நம்பர் எழுதினார்கள். அபாயமான இடமாம். எழும்பிவிட வேண்டுமாம். எழும்பி எங்கே போவது? காணி தருவோம் என்றார்கள். பவி என் வயிற்றில் இருந்தபோது சொன்னது அது. பவிக்கு முன்பல் விழுந்துவிட்டது.

காணி வரவில்லை. ஆனால் பயிற்சி வந்தது. தோட்டத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து, மழை அளக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மண்சரிவில் மண்ணுக்குள் போன மீரியபெத்தைத் தோட்டத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் யாருக்கும் மழையைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டோம். அசல் கருவி தோட்டத்து ஆபீஸ் முற்றத்தில், வேலி போட்டு, பூட்டுப் போட்டு, பத்திரமாக இருக்கிறது. மண் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே நாங்கள் சோடாப் போத்தலில் செய்துகொள்ளலாமாம்!

போத்தலின் கழுத்தை வெட்ட வேண்டும். வெட்டிய கழுத்தைத் தலைகீழாக அதற்குள்ளேயே புனல்போலச் செருக வேண்டும். பக்கத்தில் கோடு போட வேண்டும். அவ்வளவுதான். க்ளூ கன் வேண்டாம்.

பவியும் நானும் செய்தோம். கோடுகளை நகத்துக்குப் பூசும் என் கியூடெக்ஸில் போட்டோம். கீழே நீலம், நடுவில் மஞ்சள், மேலே சிவப்பு. நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினாள். கண் வைத்தாள், மீசை வைத்தாள். வீட்டுக்குப் பின்பக்கம், மழை நேராக விழும் இடத்தில் வைத்தோம். முதன்முதலாக நாங்கள் செய்த ஒரு பொருள், அது என்னவாக இருக்க வேண்டுமோ அதுவாகவே இருந்தது.

“தெனம் காலையில ஆறரைக்கு அளவு பாத்துட்டு, தண்ணியக் கொட்டிட்டுத் திருப்பி வைக்கணும். சரியா? செவப்புக் கோட்டுக்கு வந்துட்டா எல்லாரும் ஸ்கூல் ஹோலுக்குப் போயிரணும்.”

“எல்லாருமா? மாரியாயி பெரியம்மாவுமா?”

“எல்லாரும்தான்.”

பக்கத்து காம்பரா மாரியாயி அக்கா கொழுந்து பறிக்கப் போகும்போது எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நிற்பது வழக்கமாகிவிட்டது. “டீச்சர், போத்தல் என்னா சொல்லுது?” லயத்தில் ஒரே போத்தல் எங்களுடையதுதான். நான் சொன்னதை அவர் மற்றப் பத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டுப் போவார்.

போன மாதம் ஒருநாள் தண்ணீர் சிவப்பைத் தொட்டது. பன்னிரண்டு குடும்பமும் கிளம்பினோம். பவி போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குகிறவள் மாதிரி முன்னால் நடந்தாள். மூன்று நாள் அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். மலை அசையவில்லை. நான் அதையும் இந்தப் பக்கத்தில் எழுதினேன். ‘என் மகளின் கைவேலை ஒரு லயத்தையே காக்கிறது’ என்று பெருமையடித்தேன். நீங்களும் சபாஷ் போட்டு எழுதினீர்கள்.

நுணலும் தன் வாயால் கெடும்.

போன வாரம் வியாழக்கிழமை பிடித்த மழை விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை பார்த்தேன். தண்ணீர் மஞ்சளுக்குக் கீழே. சனிக்கிழமையும் மஞ்சளுக்குக் கீழே. தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. ஆனால் போத்தலில் தண்ணீர் இல்லை!

“சத்தத்தப் பாத்தா கூட இருக்கும் போல இருக்கே புள்ள” என்றார் செல்வம்.

“காதால அளக்காதீங்க. அதுக்குத்தானே கோடு போட்டு வச்சிருக்கு?” என்று எரிந்து விழுந்தேன்.

மாரியாயி அக்கா கேட்டபோதும், “மஞ்சளுக்கே வரலக்கா, பயப்படாதீங்க” என்றேன். அவர் போய் மற்றவர்களுக்குச் சொன்னார். பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பு பற்றவைத்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு சந்தோஷமும் பட்டுக்கொண்டேன். எழுப்பினால் எழும்பாத பிள்ளை, எனக்கு முன்னால் தானாக எழும்பி, பின்பக்கம் டொய்லட்டுக்குத் தனியாகப் போய் வருகிறாள். பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். கைவேலை பிள்ளையை எப்படி மாற்றிவிட்டது என்று ஒரு பத்தி எழுதலாம் என்றுகூட...

ஞாயிற்றுக்கிழமை காலை தேத்தண்ணீர் வைக்க எழும்பி, பின்கதவைத் திறந்தேன்.

பவி குடையைத் தரையில் போட்டுவிட்டு, குந்திக்கொண்டு, போத்தலைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். மடமடவென்று கொட்டவில்லை. சிவப்புக்கு மேலே நின்ற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக. கோட்டைப் பார்த்துப் பார்த்து. மஞ்சளுக்குக் கீழே வந்ததும் நிறுத்தி, போத்தலை அதன் இடத்தில் நேராக வைத்தாள். முழுவதும் கொட்டினால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

நான் ஓடிப்போய்ப் போத்தலை எட்டிப் பார்த்தேன். அவள் பயந்து அதை மறுபடி கையில் தூக்கிக்கொண்டாள். அப்போதுதான் அறைந்தேன்.

“எத்தன நாளாடி?”

மூன்று விரலைக் காட்டினாள்.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். கத்தினேன். “செவப்பத் தாண்டிருச்சு, கெளம்புங்க!” “நேத்து இல்லேன்னீங்களே?” என்றார்கள் சிலர். நான் அடுத்த கதவுக்கு ஓடினேன். மாரியாயி அக்கா ஆட்டை அவிழ்க்கப் போனார். நான் அவரைத் திட்டினேன், அவர் என்னைத் திட்டினார். ஆட்டையும் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

பகல் பன்னிரண்டு மணிபோல மலை இறங்கியது. முழு மலையும் இல்லை, எங்கள் முதுகுப் பக்கத்துத் துண்டு மட்டும். டொய்லட்டுகள் போய்விட்டன. கான் போய்விட்டது. எங்கள் குசினிச் சுவரும் மாரியாயி அக்காவின் குசினியும் சேற்றுக்குள் போய்விட்டன. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாங்கள் இருவரும் அந்தக் குசினிகளில்தான் சமைத்துக்கொண்டிருப்போம். உள்ளே ஒருவரும் இல்லை.

ஸ்கூல் ஹோலில் பவியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். ஏன்டா செய்தாய்?

என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் என் காதுக்குள் சொன்னாள்.

போன மாதம் இதே ஹோலில் இருந்தபோது, அத்தனை பேருக்கும் ஒரே டொய்லட். காலையில் வரிசையில் நின்றிருக்கிறாள். பெரியவர்கள் முந்திக்கொண்டார்கள். பிள்ளையால் அடக்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே கவுன் நனைந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள். ஏனென்றால் இது அவளுடைய ஸ்கூல்.

“என்னய மூத்திரக்காரின்னு சொல்றாங்கம்மா. டெய்லி சொல்றாங்க. செவப்பு வந்தா திருப்பி இங்கதானே கூட்டியாருவீங்க?”

எனக்கு ஞாபகம் வந்தது. அன்று ஈரக் கவுனோடு வந்தாள். “பைப்புல நனைஞ்சிருச்சும்மா” என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான், “பாத்து நிக்கத் தெரியாதா?” என்று அதட்டிவிட்டு, கவுனைப் பிழிந்து காயப் போட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. பாசம் பெருகிக்கொண்டிருந்த காலம் அது!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளியும் சனியும் தகரத்தில் விழுந்த மழை எனக்கும் கேட்டது. எனக்குச் சந்தேகம் வரவில்லையா? வந்தது. ஆனால் அந்த ஹோலின் சீமெந்துத் தரையும், அந்த வரிசையும், அந்த நாற்றமும் எனக்கும் ஞாபகத்துக்கு வந்தன. போத்தல் சொன்ன பொய் எனக்கு வசதியாக இருந்தது. பிள்ளை செய்தது தப்பு என்றால், நாற்பது வயதில் நான் செய்தது என்ன?

மாரியாயி அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். என் பேச்சை நம்பி இரண்டு நாள் வீட்டுக்குள் இருந்தவர். நன்றாக ஏசட்டும் என்றுதான் சொன்னேன். அவர் பவியைப் பார்த்தார், ஹோலின் மூலையில் நின்ற வரிசையைப் பார்த்தார்.

“புள்ளயத் திட்டாதீங்க டீச்சர். அந்தக் கக்கூஸ் வரிசைக்குப் பயந்து நானே ஊத்தியிருப்பேன்.”

திங்கட்கிழமை அதிகாரி ஒருவர் வந்தார். பெயர்களை எழுதிக்கொண்டார். “அபாயம் என்று சொல்லியிருந்தோமே, ஏன் முன்கூட்டியே வெளியேறவில்லை?” என்று கேட்டார். காணி என்ன ஆயிற்று என்று செல்வம் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறதாம். மழை விட்டதும் பேசலாமாம்.

மழை விட்டதும்! போத்தலை நாங்கள் ஒவ்வொரு நாளும் கொட்டிவிட்டு வைக்கிறோம். இவர்கள் எங்களை மழைக்கு ஒருமுறை கொட்டிவிடுகிறார்கள். போகச் சொல்கிற இடத்தில் ஒரு மனுஷி மானத்தோடு ஒன்றுக்குப் போக முடியாது என்றால், எந்தக் கோட்டை எந்த நிறத்தில் போட்டு என்ன பிரயோஜனம்?

இதை ஸ்கூல் ஹோலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்று நான்காவது நாள். டொய்லட் இன்னமும் ஒன்றுதான். பவியை நான் கையைப் பிடித்து வரிசையில் முன்னால் கொண்டுபோய் விடுகிறேன். யாராவது முறைத்தால் நானும் முறைக்கிறேன். அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். “வலிக்கலம்மா” என்றாள். பொய். கன்னத்தில் தடம் சாயந்திரம் வரை இருந்தது.

நிவாரணத்துக்கு வந்த பிஸ்கட்டைப் பகிர்ந்து கொடுத்ததும் அட்டைப் பெட்டி ஒன்று மிஞ்சியது. சற்று முன்னால்தான் பவி அதை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். பல நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம்.

“அம்மா, இதுல ஒரு டொய்லட் செய்வமா? கதவு வச்சு... உள்ளுக்கிருந்து பூட்டுற மாதிரி?”

செய்முறை தெரிந்தவர்கள் எழுதுங்கள். க்ளூ கன் மட்டும் கேட்காதீர்கள்.