வந்துட்டு

எனக்குப் பயந்த சுபாவம். மில்லர்புரத்து வீட்டில் குளியலறைச் சுவரில் பல்லி இருந்தால் என் மனைவிதான் வந்து விரட்ட வேண்டும். துறைமுகத்துச் சரக்குகளுக்கு ஆவணம் எழுதுகிற வேலைக்கு இதற்கு மேல் தைரியம் தேவைப்பட்டதும் இல்லை. ஆனால் பறவை என்று வந்துவிட்டால் மட்டும் எனக்குப் புத்தி பிசகிவிடும். இல்லாவிட்டால் அந்தக் காலையில் ஆற்றுப் பாசனக் குளம் ஒன்றில், ஆள் உயரத்துக்கு வளர்ந்த சம்புப் புல்லுக்குள், முழங்கால் தண்ணீரில், கழுத்தில் கேமராவோடு ஒற்றையாளாகப் போய் நின்றிருப்பேனா?

தேடிப் போனது காணாங்கோழியை. பேருக்கு ஏற்ற பறவை. சத்தம் மட்டும் கேட்கும், ஆள் கண்ணில் படாது. அதை வெளியே வரவழைக்க எங்களைப் போன்றவர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறோம். அதன் குரலைப் போனில் ஒலிக்கவிட்டால், தன் இடத்துக்கு வேறொரு கோழி வந்துவிட்டது என்று கோபத்தோடு எட்டிப் பார்க்கும். நான் போனைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி வைத்துச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டேன். உடம்பெல்லாம் பச்சை உடுப்பு, பச்சைத் தொப்பி. பக்கத்தில் வந்து நின்றாலும் என்னைத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் பதில் குரல் வந்தது. நான் இரண்டடி வைத்தேன். அதுவும் நெருங்கி வந்தது. இப்படியே நானும் அதுவும் மாறி மாறி நெருங்கினோம்.

அப்போது சம்புக்குள்ளிருந்து ஒருவர் கிசுகிசுப்பாக, "வந்துட்டு" என்றார்.

யாரோ என்னைப் பார்த்துவிட்டு இன்னொருவரிடம் சொல்லுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அசையாமல் நின்றேன். மறுபடி கோழியின் குரல். அது முடிந்ததும் அதே "வந்துட்டு", அதே இழுப்போடு. மூன்றாவது முறை கேட்டபோதுதான் புரிந்தது. அது என்னுடைய குரல்.

சில மாதங்களுக்கு முன் இதே குளத்துக் கரையில் காணாங்கோழியின் குரலைப் பதிவு செய்திருந்தேன். பதிவு முடிகிற நேரம் கோழி ஒரு நொடி தலையைக் காட்டியது. ஆனந்தத்தில் என்னை அறியாமல் "வந்துட்டு" என்று சொல்லிவிட்டேன். அதை அப்படியே பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, நாலு பேர் பாராட்டியதில் நாள் முழுக்கக் குளிர்ந்துபோயிருந்தேன். என் போனில் மட்டும் பிறகு அந்தச் சொல்லை வெட்டிவிட்டேன். அனுப்பியது எங்கெங்கோ போய், இப்போது இந்தச் சம்புக்குள் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது.

டப் என்று ஒரு சத்தம். என் காதுக்குப் பக்கத்தில் சம்புத் தட்டை ஒன்று முறிந்து விழுந்தது.

ஏர்கன். கோழி சுடுகிறார்கள். கோழி கத்திக்கொண்டிருப்பது என் சட்டைப் பைக்குள், நெஞ்சுக்கு நேராக. அதை நிறுத்தப் பார்த்தேன். ஈரக்கையில் பட்டன் வழுக்கியது. போன் பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தது. அடுத்த குண்டு கண்ணில் படும் என்று நிச்சயமாக நம்பினேன். எப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை, "சுடாதிய, ஆளு நிக்கேன்" என்று என் உயிருக்காகக் கத்திவிட்டேன்.

சம்பை விலக்கிக்கொண்டு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். என்னைவிட அவர்தான் அதிகமாகப் பயந்திருந்தார். "கோழின்னு நெனச்சிட்டேன் அண்ணாச்சி. ஒரே மாரி சத்தம்லா கேட்டுது. எங்கயும் பட்டுட்டா?" என்று என்னைத் தடவிப் பார்த்தார். என் பையிலிருந்து போனை எடுத்து அவரே நிறுத்தினார்.

"உங்க போன்ல கேக்கது என் குரல், தம்பி" என்றேன்.

அவர் நம்பவில்லை. "எங்க, சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். ஒத்துப் பார்க்க அவர் தன் போனைத் தட்டினார்.

அதுவரை வராத காணாங்கோழி, குரல் கேட்டதும் பத்தடி தூரத்தில் வெட்டவெளிக்கு வந்து நின்றது. சிவந்த மார்பு, சிவந்த கண். பேசிக்கொண்டிருந்தபோதே அவர் கை துப்பாக்கியில் அடுத்த குண்டைப் போட்டு முடித்திருந்தது. கத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. போன் "வந்துட்டு" என்றது. துப்பாக்கி தானாக எழுந்தது. டப்.

"பழக்கதோஷம் அண்ணாச்சி" என்றார். "அந்தச் சொல்லு கேட்டா விரலு நிக்க மாட்டேங்கு."

நடந்து போய் அதை எடுத்துவந்தார். ஒரு கையில் துப்பாக்கி. மறு கையில் கோழியின் காலைப் பிடித்து, வெளிச்சம் விழும்படி என் முன்னால் தூக்கிக் காட்டினார். தப்புக்குப் பரிகாரம் செய்கிற முகம்.

"படம் எடுக்கத்தான வந்திய. எடுத்துக்கிடுங்க."

வேண்டாம் என்று சொல்லப் பயமாக இருந்தது. எடுத்தேன்.