கலுங்கில் போட்ட பூ

காரைக்குடிக்குக் கடலும் இல்லை, ஆறும் இல்லை. பேரிடர் என்றால் எங்களுக்கு வறட்சிதான். கோடை முழுக்கத் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்து சலித்தவன் நான். அதனால் பல வருடம் கழித்து எங்கள் கண்மாய் நிறைந்து, கலுங்கு வழியாக உபரித் தண்ணீர் பாய்கிறது என்று கேட்டதும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

கலுங்கில் திருவிழாக் கூட்டம். பெண்கள் குலவையிட்டார்கள். நானும் ஒரு முழம் செவ்வந்திச் சரத்தைத் தண்ணீரில் போட்டுக் கும்பிட்டேன். அப்போது மனைவி போனில் அழைத்தாள்.

"எங்க இருக்கீக? வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு!"

எங்கள் வீடு கண்மாய்க்குக் கீழே, புது மனையில் இருக்கிறது. அது அந்த உபரித் தண்ணீர் ஓடுகிற ஓடை என்று விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீரே பார்த்திராத ஓடையைப் பற்றி யாருக்குக் கேட்கத் தோன்றும்?

முழங்கால் தண்ணீரில் வீட்டுக்குள் நுழைந்தேன். அரிசி மூட்டை நனைந்து கிடந்தது. மெத்தையைத் தூக்கிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். சோபா ஓரமாக ஒரு செவ்வந்திச் சரம் மெல்ல மிதந்து வந்தது.

"யாரு போட்ட பூவோ! இந்தத் தண்ணியையும் ஒருத்தர் கும்பிட்டிருக்காக பாருங்க."

அது நான் போட்டதோ, பக்கத்தில் நின்றவர் போட்டதோ. வாளியை எடுத்தேன்.

இப்போதெல்லாம் வானம் கறுத்தால் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்துவிடுகிறோம். மழை வேண்டாம் என்று சொல்ல மட்டும் இன்னும் வாய் வரவில்லை.