ராஜாமணி கேட்ட தண்ணீர்

முதல் நாள்

ஃபீல்டு ஒர்க்குக்குப் போன முதல் நாள் ராஜாமணி ஒரு குடை கொண்டு வந்தாள். நான் திமிரை மட்டும் கொண்டு போனேன். பொங்கலூரில் தோட்டம் காடு இருக்கிற வீட்டுப் பெண், காலேஜ் படிப்பை முடித்துவிட்டு சோஷியல் ஒர்க் படிக்கிறவள், எனக்கு வெயில் உறைக்குமா என்ன? திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கி பனியன் கம்பெனி போய்ச் சேர்வதற்குள் உறைத்துவிட்டது. மீதி வழியை அவள் குடைக்குள்ளேயே நடந்தேன். அன்று தொடங்கிய சிநேகிதம்.

அறுபதுகளின் நடுப்பகுதி. கோயமுத்தூரில் படித்துக்கொண்டிருந்தோம். வாரத்தில் இரண்டு நாள் பாடம் கிடையாது, ஃபீல்டுதான். ஆளுக்கு ஒரு இடம் ஒதுக்குவார்கள். அதை ஏஜென்சி என்போம். எனக்கும் ராஜாமணிக்கும் சேர்த்து ஒரு பனியன் கம்பெனி கிடைத்தது. எங்கள் சூப்பர்வைசர் எஸ்தர் மிஸ். சத்தம் போட்டுப் பேசவே தெரியாத மனுஷி. ஆனால் ரெக்கார்டிங்கில், அதாவது நாங்கள் எழுதிக் கொடுக்கும் குறிப்பில், ஒரு பொய் வார்த்தை இருந்தால் சிவப்பு மையால் சுழித்து வைத்துவிடுவார்.

கம்பெனி மேனேஜர் ரங்கசாமிக்கு நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்பது கடைசி வரை புரியவில்லை. முதல் நாள், "ஏனுங்க அம்முணி, நீங்க இன்சூரன்சா?" என்று கேட்டார். இல்லை என்று விளக்கியதும் யோசித்துவிட்டு எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். கைமடிக்கு வரும் பெண்கள் திடீர் திடீரென்று நின்றுவிடுகிறார்கள், அவர்கள் வீட்டுக்குப் போய் காரணம் கேட்டு வர வேண்டும். டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்து மடித்துக் கொடுப்பதுதான் கைமடி. கை வேகம் வேண்டும். நல்ல கைமடி ஆள் நின்றுவிட்டால் டெய்லரும் சும்மா உட்கார வேண்டியதுதான்.

ஹோம் விசிட்

நாங்கள் போன முதல் வீடு பழனாத்தா அக்கா வீடு. வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒரு அறை. கம்பெனியிலேயே வேகமான கை என்று பெயர் எடுத்தவர், நின்று வெகு நாள் ஆகியிருந்தது. எங்களைப் பார்த்ததும் பாயை விரித்தார். உள்ளே போய் சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் மற்ற பேச்செல்லாம். தண்ணீரை நீட்டிக்கொண்டே அடுத்த கேள்வியும் வரும்.

"எந்த ஊரு கண்ணு? என்ன கூட்டம்?"

கூட்டம் என்றால் குலம். நான் ஊரையும் கூட்டத்தையும் சொன்னேன். சொம்பு என் கைக்கு வந்தது. ரெண்டே கேள்வியில் நான் அவருக்கு நங்கையா முறை, அதாவது நாத்தனார் முறை ஆகிவிட்டேன். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை ராஜாமணி பக்கம் நீட்டினார்.

"நீங்க எந்த ஊரு அம்முணி?"

"குன்னத்தூருங்க. வளவுங்க," என்றாள் ராஜாமணி.

வளவு என்று சொன்னால் போதும், ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் தெரு. யாரும் அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. சொம்பு பாதி வழியில் நின்றது. உள்ளேயிருந்து மாமியார் இருமினார். பழனாத்தா அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து வாசல் ஓரமாக நின்று, "கையேந்துங்க கண்ணு, ஊத்தறேன்," என்றார். குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் கொடுமை.

"தாகமில்லீங்க," என்றாள் ராஜாமணி. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல, ஏன் வேலைக்கு வருவதில்லை என்று கேட்க ஆரம்பித்தாள். கைக்குழந்தைக்கு அடிக்கடி வலிப்பு வருகிறது, மாமியாருக்குக் கண் சரியில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதுதான் காரணம். ராஜாமணி அதை விசாரித்த விதத்தில் அக்கா பாதியில் அழுதுவிட்டார். நான் கேட்டிருந்தால் நங்கையா முறை பேசிவிட்டு எழுந்து வந்திருப்பேன். அக்கா அழுத கண்ணோடு ராஜாமணியின் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் குடையை விரித்துக்கொண்டே, "எனக்குத் தொண்டை காயுது சரசு, வேகமா நட," என்றாள்.

விரதம்

அந்த வாரக் கான்ஃபரன்ஸில், எஸ்தர் மிஸ்ஸோடு ஃபீல்டு அனுபவங்களைப் பேசும் வகுப்பில், ராஜாமணி இதை எழுதியபடியே வாசித்தாள். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. எஸ்தர் மிஸ் ஒரு முடிவு சொன்னார். இனிமேல் எங்களில் யாருமே ஃபீல்டில் எந்த வீட்டிலும் தண்ணீர் குடிப்பதில்லை. ஒருவருக்குச் சொம்பில் இல்லை என்றால் யாருக்குமே வேண்டாம்.

எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெரிய காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு. அடுத்த வாரத்திலிருந்து நீட்டிய சொம்பையெல்லாம் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பினோம். "வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சோம்." கொங்கு நாட்டில் இதைவிட ஒரு வீட்டை அவமானப்படுத்த வேறு வழியே வேண்டாம். பழனாத்தா அக்கா வீட்டில் பாய் விரிப்பது நின்றது. மற்ற வீடுகளில் கதவு பாதிதான் திறந்தது.

எஸ்தர் மிஸ் கம்பெனிக்கு வந்த அன்று மேனேஜர் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க மிஸ், உங்க புள்ளைங்க தண்ணி கூட வாங்கிக் குடிக்க மாட்டேங்குதாமா. தண்ணி குடிக்காத ஊட்டுல போயி என்ன நாயம் பேசறதுங்க?"

மிஸ் காரணத்தைச் சொன்னார். மேனேஜர் முகம் தெளிந்தது. சிக்கல் இவ்வளவு சின்னதா என்பது போல இருந்தது அந்தத் தெளிவு.

"அட, இவ்வளவுதானுங்களா? அந்த ஒரு புள்ளைய மட்டும் வேற பக்கம் மாத்தி உட்டுருங்க. எல்லாம் செரியாப் போயிரும். நல்ல புள்ளைதானுங்க, நான் குத்தம் சொல்லல."

வருஷத்தின் பாதியில் ஏஜென்சி திருப்பி அனுப்பினால் அதுவரை பார்த்த ஃபீல்டு ஒர்க் கணக்கில் சேராது. வருஷத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். ராஜாமணி ஸ்காலர்ஷிப்பில் படிப்பவள். இன்னொரு வருஷத்துக்கு அந்தப் பணம் கிடைக்காது. குன்னத்தூர் வளவிலிருந்து காலேஜ் படி ஏறிய முதல் பெண் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். ரயிலில் வரும்போது எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் கான்ஃபரன்ஸில் எழுந்து நின்றாள்.

"என்னை மாத்தினா அது அவங்க தீர்ப்புங்க மிஸ். நீங்க எல்லாரும் தண்ணி குடிக்காம இருந்தா அது உங்க விரதம். என்ற தாகத்தைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கலீங்க."

மிஸ், "சொல்லு. நீ என்ன பண்ணணும்னு நினைக்கிறே?" என்றார்.

"எல்லாரும் குடிங்க. நான் ஒவ்வொரு ஊட்டுலயும் சொம்புல தண்ணி கேக்கறேன். குடுத்தாக் குடிக்கறேன். குடுக்காட்டி வேண்டாம்னு வாயைத் தொறந்து சொல்லிட்டு வேலையைப் பாக்கறேன். இன்னொண்ணுங்க மிஸ். பழனாத்தா அக்கா ஊட்டைப் பத்தி இவ்வளவு பேசறோம். இங்க ஒக்காந்திருக்கற ஒவ்வொருத்தர் ஊட்டுலயும் யாருக்கு எதுல தண்ணின்னு முதல்ல சொல்லட்டுமுங்க."

அன்று சாயங்காலம் வரை ஒவ்வொருவராகச் சொன்னோம். அக்செப்டன்ஸ் என்றால் என்ன, நான்-ஜட்ஜ்மென்டல் என்றால் என்ன என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்தவர்கள், கொட்டாங்குச்சி என்ற சொல்லைச் சொல்லத் திணறினோம். நான் படித்த படிப்பிலேயே பெரிய வகுப்பு அதுதான். அதற்குப் பிறகு எஸ்தர் மிஸ் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளை ஃபீல்டுக்கு அனுப்பும் முன்னால் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பாராம். ராஜாமணி பெயரைச் சொல்லியே கேட்பாராம்.

மேனேஜரிடம் மிஸ் போய், "மாத்துறதா இருந்தா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுறேன். இனி எங்க காலேஜ்ல இருந்து யாரும் வர மாட்டாங்க," என்றார். வழக்கமான அதே மெல்லிய குரலில்தான். சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. நின்ற பெண்களைத் திருப்பிக் கொண்டுவர எங்களை விட்டால் மேனேஜருக்கு ஆள் இல்லை. "என்னமோ பண்ணுங்க. மொதலாளி காதுக்குப் போவாமப் பாத்துக்குங்க," என்று கையை உதறினார்.

சொம்பு

மறுபடி பழனாத்தா அக்கா வீட்டு வாசல். நான் சொம்பை வாங்கிக் குடித்தேன். அக்கா முகத்தில் உயிர் வந்தது. ராஜாமணி சொன்னாள்: "எனக்கும் தாகமா இருக்குதுங்க அக்கா. சொம்புலயே குடுங்க."

அக்கா உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார். "மாமியா இருக்குது கண்ணு," என்றார்.

"செரீங்க, அப்பொ வேண்டாங்க. கொழந்தைக்கு ராத்திரி மறுபடி வந்துச்சுங்களா?"

இப்படியே பல வாரம். போகும்போதெல்லாம் கேட்பாள். கோபம் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்பாள். இல்லை என்றதும் வாசல் கல்லில் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பாள். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வைத்தது அவள்தான். லைன் வீட்டிலேயே இருந்த இன்னொரு அம்மாவிடம் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போக ஏற்பாடு செய்ததும், பால் கொடுக்க மத்தியானம் தாய்மாரை வெளியே விட மேனேஜரைச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான். நின்றிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள். பழனாத்தா அக்காவும் வந்தார்.

எங்கள் ஃபீல்டு ஒர்க் முடிகிற சமயம். கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். கைமடிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பழனாத்தா அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த சொம்போடு எழுந்து வந்தார். அத்தனை பேர் பார்க்க, அதை ராஜாமணி கையில் வைத்தார்.

"குடி கண்ணு. இங்க மாமியா இல்ல."

பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனாள். ராஜாமணி அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தண்ணி நல்லா இருக்குதுங்க அக்கா. இனி ஊட்டுல குடுங்க," என்றாள்.

அக்கா சிரித்தாரா அழுதாரா தெரியாது. இரண்டும்தான்.

சாவி

ராஜாமணி பாஸானாள். என்னைவிட நல்ல கிளாஸில். கடைசியாக ஹாஸ்டலைக் காலி செய்யும்போது, "எங்க ஊரு நோம்பிக்கு வா," என்று திருவிழாவுக்குக் கூப்பிட்டேன்.

"உங்க ஊட்டுல எனக்கு எதுல தண்ணி குடுப்பாங்க சரசு?"

அவளிடம் பொய் சொல்ல முடியாது. "கையிலதான் ஊத்துவாங்க. நான் சண்டை போடுவேன்," என்றேன்.

சிரித்தாள். "நோம்பி நாளும் அதுவுமா உன்ற சண்டையைப் பாக்கறதுக்கு நான் எதுக்கு வரணும்? சாவி உன்ற கையில இருக்கற ஊடு ஒண்ணு வரட்டும். கூப்புடு, வர்றேன்."

அந்த வீட்டுக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வீட்டில் பார்த்த இரண்டு மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழித்து, திருப்பூரிலேயே ஒரு மில்லில் வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்து, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தேன். அடுப்பு வாங்கும் முன்னால் ஒரு சொம்பு வாங்கினேன். அதற்குள் அவள் வேலை கிடைத்து வடக்கே, ஒரு சுரங்க ஊருக்குப் போயிருந்தாள். கடிதம் எழுதினேன். "சாவி கிடைச்சிருச்சா? லீவு கிடைக்கட்டும், ஓடி வர்றேன்," என்று பதில் போட்டாள். அந்த லீவு கிடைக்கவேயில்லை. கல்யாணம், பிள்ளை, அப்புறம் இன்னும் வடக்கே ஒரு மாற்றல். கடிதங்கள் குறைந்தன. கடைசியாக நான் எழுதியது, முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. குன்னத்தூரில் போய் விசாரித்தேன். அவள் அப்பா அம்மாவையும் கூட்டிப் போய்விட்டாளாம்.

வடக்கேயிருந்து வரும் ரயில் சத்தம் இன்றும் என் வீட்டுக்குக் கேட்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகு காலம் ஆன பிறகும், அந்தச் சத்தத்துக்கு என் காது ஒரு நிமிஷம் நிமிர்கிறது. அவளைப் பார்க்க வேண்டும். குடைக்குள் ஒட்டிக்கொண்டு அவளோடு ஒரு தெரு நடக்க வேண்டும். இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது சோஷியல் ஒர்க் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து அனுபவம் சொல்லுங்கள் என்கிறார்கள். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஃபீல்டுக்குப் போகிறார்கள். வசதிதான். ஆனால் யாருக்கு எதில் தண்ணீர் என்று தெரியாமலே ஒரு வீட்டுக்கு வருஷம் முழுக்கப் போய் வந்துவிடலாம். பாட்டிலைப் பையில் வையுங்கள், தண்ணீர் கேளுங்கள் என்று அவர்களிடம் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் கேளுங்கள். இன்னொன்றும் சொல்வேன். மனசு மாற நேரமாகும் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த நேரத்தை நம் கையிலிருந்து எடுத்துச் செலவு பண்ணுவதில்லை. தாகத்தோடு வாசலில் நிற்கிறவளின் ஆயுளிலிருந்து எடுக்கிறோம்.

பழனாத்தா அக்கா இருக்கிறார். இப்போது அவருக்கும் கண் சரியில்லை. மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா லைன் வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கும் வந்துவிட்டார். எப்போதாவது பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்பார்.

"அந்தப் புள்ளை வந்துச்சா அம்முணி?"

"இன்னும் இல்லீங்க அக்கா."

"வந்தா என்ற ஊட்டுக்குக் கூட்டியா. ஊட்டுல குடுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு."

சரி என்று சொல்லி, சொம்பைக் கழுவி எடுத்த இடத்திலேயே வைப்பேன்.