அப்பாவின் காது இரைச்சலும் அம்மாவின் சாட்சியமும்

என் அப்பா ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். ஓய்வு பெற்றுத் திருக்காட்டுப்பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அவர் காதில் ஓயாத இரைச்சல். உடல்குறைபாட்டு ஓய்வூதியம் கேட்டால், "பணியால் வந்ததல்ல" என்று மறுத்துவிட்டார்கள். சட்டம் படிக்கிற நான் விடுவேனா? மேல்முறையீடு எழுதிப் போட்டு, அப்பாவையும் அம்மாவையும் சென்னையில் மருத்துவக் குழுவின் முன் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று அதிகாரி கேட்டதுதான் தாமதம், அப்பா விறைப்பாக எழுந்து நின்று, "நல்லா இருக்கேன் சார்!" என்றார். பட்டாளத்துப் பழக்கம். மேலதிகாரியிடம் வலி என்று சொல்வது அவருக்குக் கோழைத்தனம். எல்லாம் போச்சு என்று நான் தலையில் கைவைத்தேன்.

அப்போது அம்மா எழுந்தாள்.

"பொய் சொல்றாரு சார். வீடு அமைதியா இருந்தா இரைச்சல் தாங்க முடியலன்னு வயல்ல மோட்டார் கொட்டகையிலதான் படுக்கிறாரு. மோட்டார் ஓடுனாத்தான் தூக்கம். கரண்ட் போனா எந்திரிச்சு உக்காந்துடுவாரு. ஊர்ல என்னடான்னா, நான் வெரட்டிவிட்டுட்டேன்னு பேசுறாங்க!"

அதிகாரி சிரித்துவிட்டு அப்பாவிடம் கேட்டார். "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"என்கூட பீரங்கிகிட்ட நின்ன எல்லாருக்கும் இந்த இரைச்சல் கேக்குது சார். அவங்க யாரும் சொல்லலை. நான் மட்டும் எப்படிச் சொல்றது?"

'பணியால் வந்ததே' என்று உத்தரவு வந்த அன்று அப்பா முதலில் அழைத்தது, கீழ்வேளூரில் விவசாயம் பார்க்கும் தன் படைத்தோழரை.

"டேய், வெக்கப்படாம நீயும் அப்பீல் போடு. என் பொண்ணு எழுதித் தருவா. சாட்சிக்கு மறக்காம உன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ!"

அப்பா வாங்கிய பதக்கங்களைவிட, அந்த ஒரு போன் அழைப்பைத்தான் நான் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.