சகலை கொடுத்த காற்று

எனக்கு ஃபேன்தான் தொழில். கணியம்பாடியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன சீலிங் ஃபேன், தண்ணீர் மோட்டார், மிக்ஸி என்று எது வந்தாலும் பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஃபேன் விஷயத்தில் ஒரு ஆள் என்னை முந்திவிட்டதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அதுவும் செங்கத்தில் விதைக்கடை வைத்திருக்கிற ஆள். அதுவும் என் சகலை.

என் மனைவியின் தங்கை கணவர் அவர். என்னைவிட எட்டு வயது சிறியவர். வாய்க்கு வாய் 'அண்ணா' என்பார். யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது. அவரிடம் எனக்கு இருக்கும் பெரிய குறையே அதுதான்.

கோடை வந்தால் இரண்டு வீட்டுக்காரர்களும் காவலூர்ப் பக்கம் மலைக்குப் போவோம். பிள்ளைகள் வேலை, படிப்பு என்று வெளியூர் போய்விட்டார்கள். இப்போது நாங்கள் நான்கு பேர்தான். சகலையிடம் விதை வாங்கும் ஒரு விவசாயியின் சாமை நிலம் அங்கே இருக்கிறது. கோடையில் அது சும்மா கிடக்கும். ஓரத்துப் பலா மரங்களுக்குக் கீழே கூடாரம் போட்டு, கல் கூட்டி அடுப்பு மூட்டி, மூன்று நாள் இருப்போம். காலையும் மாலையும் சுகமாக இருக்கும். மத்தியானம் மட்டும் ஒரு இலை அசையாது. கூடாரத்துக்குள் நுழைந்தால் இட்லிப் பானைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். அந்த நிலத்தில் கரண்டும் கிடையாது.

போன வருஷம் அப்படி ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். என் மனைவிக்கு மாதவிலக்கு நிற்கிற வயது. திடீரென்று உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி எரியும், வியர்த்துக் கொட்டும், பத்து நிமிடத்தில் அடங்கும். அன்றும் எழுந்து உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

சகலை எழுந்து காருக்குப் போனார். கையில் ஒரு சாண் உயரத்தில் வெள்ளை நிற சார்ஜ் ஃபேன் ஒன்றோடு வந்தார். அதை விரித்து நிறுத்தி, என் மனைவியின் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

"இந்தாங்கக்கா, இத வெச்சுக்குங்க. ராத்திரி வரைக்கும் ஓடும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காற்றில் அப்படியே இருந்தாள். பிறகு தங்கையிடம் சொன்னாள்: "அப்பாடா, இப்பதான்டி உசுரே வந்துச்சு. தம்பிக்கு எவ்ளோ கவனம் பாரு."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் 'எவ்வளவு கவனம்' என்று அவள் என்னைச் சொன்னதாக நினைவில்லை. சட்டென்று எழுந்து, "மோட்டார் சின்னது, ரொம்ப நாள் தாங்காது" என்றேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அந்த வருஷம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. அடுத்த கோடையில் அவள் முகத்துக்கு நேராக நிற்கும் ஃபேன் என்னுடையதாக இருக்க வேண்டும். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை எனக்காக ஒரு தடவை வர வேண்டும். தை முடிந்ததிலிருந்து வேலூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

காயில் கட்டுகிறவனுக்கு ஃபேன் பொறுக்கத் தெரியாதா என்றுதான் நினைத்திருந்தேன். சார்ஜ் ஃபேன் வேறு ஜாதி. பெட்டியில் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் என்று போட்டிருப்பான். அது ஒன்றாம் ஸ்பீடில். நான்காம் ஸ்பீடில் வைத்தால் மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும். பேட்டரி பெரிதானால் கனமும் கூடும். கொக்கி இருந்தால் கூடாரத்தில் தொங்கவிடலாம், கிளிப் இருந்தால் கட்டிலில் மாட்டலாம், இரண்டும் இருந்தால் கீழே நிற்காது. விளக்கு வைத்தது, தண்ணீர் தெளிப்பது, கழுத்தில் மாட்டுவது என்று கடைக்காரர் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துக் கேட்டேன், இறக்கையைச் சுண்டிப் பார்த்தேன்.

கிளம்பும்போது மனைவி ஒன்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்: "சின்னதா, சத்தமில்லாததா பாருங்க. தலமாட்டுல வெச்சுக்கினா போதும்."

அப்படி ஒன்று கடையில் இருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி அளவு, சத்தமே இல்லை. கையில் எடுத்தேன். ஆனால் அது சகலையின் ஃபேனைவிடச் சின்னது. வைத்துவிட்டேன். இரண்டு சாண் உயரத்தில், தோளில் மாட்ட வாரோடு கறுப்பாக ஒன்று இருந்தது. பெரிய பேட்டரி, நான்காம் ஸ்பீடிலேயே எட்டு மணி நேரம் தாங்கும் என்றார் கடைக்காரர். நான்காம் ஸ்பீடில் கடையின் நாட்காட்டித் தாள்களையெல்லாம் படபடக்கவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சத்தத்தைப் பற்றி அவள் கேட்டபோது, "காத்து வேணும்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்றேன்.

மலைக்குக் கிளம்பும் காலை, ராத்திரியே முழுச் சார்ஜ் ஏற்றியிருந்த அந்த ஃபேனுக்கு என் கடை வழக்கப்படி பூஜை போட்டேன். என் கடையிலிருந்து எந்த மெஷினும் சந்தனம் குங்குமம் வைக்காமல் வெளியே போனதில்லை. மெஷினின் அடிப்பாகத்தில், நட்ட நடுவில் வைப்பேன். கை தானாக அங்கே போய்விடும். அன்றைக்குச் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே குழைத்தேன். சகலை கண் பட்டுவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுத்தி வைத்தேன்.

மலையில் முதல் நாள் என் ஃபேன்தான் ராஜா. நான்காம் ஸ்பீடுக்குக் கீழே நான் இறக்கவே இல்லை. பேச்சே கேட்காத அளவுக்குச் சத்தம். அடுப்புச் சாம்பல் பறந்து ரசத்தில் விழுந்தது. மனைவி இரண்டு முறை, "கொறைச்சு வைங்க" என்றாள். நான் சகலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர், "சூப்பரா கீதுண்ணா, எங்க வாங்கனீங்க?" என்று மனசாரக் கேட்டார். அவர் கொஞ்சமாவது கருகியிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் ஃபேன் நின்றுவிட்டது. சார்ஜ் தீர்ந்திருந்தது. பவர் பேங்கை எடுத்து வயரைச் செருகினேன். ஏறவில்லை. திருப்பிச் செருகினேன். பாதி போய் முட்டி நின்றது. அந்த நேரம் பார்த்து மனைவிக்கு உடம்பு எரிய ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்து முந்தானையை எடுத்தாள். தங்கை அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் வயரை மறுபடி மறுபடி குத்திப் பார்த்தேன்.

காலையில் சகலை என் ஃபேனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்திருந்ததை நான் பார்த்திருந்தேன். அது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான்.

"காத்தால இத எடுத்து நோண்டிக்கினு இருந்தியே, இன்னா பண்ண?"

அவரை நான் அதுவரை ஒருமையில் பேசியதில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இல்லண்ணா... சாம்பலா இருந்துச்சு, தொடச்சு வெச்சேன். அவ்ளோதான்."

"தொடச்சியா, ஒடச்சியா? என்துதான் நல்லா ஓடுதுன்னு பொறுக்கல உனக்கு!"

சொல்லிவிட்டேன். சகலை எழுந்து காருக்குப் போனார். தன் வெள்ளை ஃபேனைக் கொண்டுவந்து என் மனைவியின் முன்னால் வைத்து, ஒன்றாம் ஸ்பீடில் போட்டுவிட்டு, அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

நான் செல்போன் டார்ச்சை அடித்து ஃபேனின் அடியில் பார்த்தேன். சார்ஜ் போடும் ஓட்டை நிறைய ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. மஞ்சளாக, நடுவில் சிவப்பாக. மனைவியும் குனிந்து பார்த்தாள்.

"இது உங்க பொட்டு."

என் கடைக்கு வரும் மெஷின்களுக்கெல்லாம் வயர் உடம்போடு ஒட்டியிருக்கும். அடியில் நட்ட நடுவில் ஓட்டை வைத்த மெஷினுக்கு நான் பொட்டு வைத்ததே இல்லை. மச்சினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் கணவனை நான் திட்டிய கோபமும் அதில் இருந்தது. "ஏன் மாமா, இவ்ளோ சந்தனமா? யாரு கண்ணு படும்னு வெச்சீங்க?" என்றாள்.

மனைவி தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நான் உட்கார்ந்து துகள் துகளாகக் குத்தி எடுத்தேன். அரை மணி நேரத்தில் வயர் ஏறியது, பச்சை விளக்கு எரிந்தது. ஃபேனைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன்.

"வேணாங்க. இதுவே போதும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "வூட்ல நான் படுக்கிற ரூம்ல ஃபேன் மெதுவா சுத்துது, கண்டன்சரு மாத்துங்கன்னு ரெண்டு வருசமா சொல்லிக்கினு கீறேன். நீங்க காதுல போட்டுக்கல. தம்பிகிட்ட நான் எதுவும் சொல்லவே இல்ல. அவரே பாத்தாரு."

கண்டன்சர் என் கடையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது. மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது.

மூன்றாம் நாள் காலையிலேயே இறங்கிவிட்டோம். சகலையிடம் 'வர்றேன்' என்று சொன்னதோடு சரி. வீட்டுக்கு வந்ததும் பைகளை வாசலிலேயே போட்டுவிட்டு, கடைக்குப் போய்க் கண்டன்சர் எடுத்துவந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி மாற்றினேன். ஸ்விட்ச் போட்டதும் ஃபேன் பிய்த்துக்கொண்டு சுற்றியது. அவள் வந்து கட்டிலில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து பார்த்தாள். காற்றில் அவள் முடி பறந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பிக்கு போன் போட்டீங்களா?" என்றாள்.

அங்கேயே நின்று போட்டேன். மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தேன். மணி இரண்டாவது முறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "அண்ணா, வூடு போய் சேந்துட்டீங்களா? அக்காவுக்கு இப்ப ஒடம்பு எப்பிடி கீது?" என்றார்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். மூன்று நாளாக அதை நான் அவளிடம் கேட்டிருக்கவில்லை.