வெந்நீர் அடுப்பில் போன மீன்கள்

என் பேத்தியின் கல்யாணத்துக்காக ஒரு பெண் தன் கையால் செய்து கொடுத்த வாழ்த்து அட்டையை நான் அடுப்பில் போட்டு எரித்தேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதக் காலையில், திருத்தணியில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நடந்தது இது. அதை மறைக்க இரண்டு பேரிடம் பொய்யும் சொன்னேன். எனக்கு எண்பது வயது நெருங்குகிறது. நல்லவன் என்று ஊரில் பெயர் இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

அவள் எங்கள் பக்கத்து வீட்டு மருமகள். விசைத்தறி ஓட்டும் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நகரியிலிருந்து வாழ வந்தவள். தன் அப்பாவைக் கூப்பிடுவதைப் போலவே என்னையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள். என் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால் பேத்தி அவளிடம்தான் ஒட்டிக்கொண்டு வளர்ந்தாள். பேத்தி சென்னையில் கல்லூரிக்கு ரயிலில் போய்வந்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் எங்கள் கூடத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள்.

பென்சில் அழிக்கும் ரப்பரில் அவள் பிளேடால் மீன் செதுக்குவாள். மையில் ஒற்றிக் கெட்டி அட்டையில் அழுத்துவாள். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிப் பதித்தால் கடல்பூ. பென்சிலின் பின்புறத்தைப் பதித்தால் நீர்க்குமிழி. புளிய இலைக் கொத்தில் பச்சை தடவி ஒற்றினால் பாசி.

"என்னம்மா, காய்கறிக் கூடையில வெண்டைக்காய காணோம்?" என்று கேட்பேன்.

"சாம்பாருக்கு நாலு விட்டு வெச்சிருக்கோம் நைனா. பயந்துகினு இருக்காதீங்க."

"சாம்பார்ல போட்டா ஒரு வேளைக்குத்தான் தாத்தா. இதுல போட்டா எப்பவும் இருக்கும்," என்பாள் பேத்தி.

அப்படி ஒருநாள்தான் பேத்தி, தன் கல்யாணத்துக்குக் கடலுக்கடியில் இருப்பது போல ஒரு அட்டை செய்து தர வேண்டும் என்று கேட்டாள்.

"ஆங், செஞ்சா போச்சு. மொதல்ல மாப்பிள்ளைய புடி," என்றாள் அவள்.

மாப்பிள்ளை அமைந்தான். தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தோம். அதற்கு முந்திய ஆவணியில், தெருப் பிள்ளையாரைக் கரைக்க ஏரிக்குப் போன அவள் கணவன் வீடு திரும்பவில்லை. யாரோ மண் எடுத்த பள்ளம் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது. மறுநாள்தான் உடலை மேலே கொண்டுவந்தார்கள். அந்த வீட்டுத் தறி பல நாட்கள் ஓடவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் கேட்கும் அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

துக்கம் நடந்த வீட்டார் ஒரு வருடம் வரை மங்கல காரியங்களுக்கு வருவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் சொல்லாமலே அவளுக்கு அது தெரியும். பந்தக்கால் நட்ட அன்று, உறவினர்கள் கலைந்து போகும்வரை சந்தில் நின்றிருந்து, பின்வாசல் வழியாக வந்தாள். செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை நீட்டினாள்.

"பாப்பாகிட்ட குடுத்துடுங்க நைனா. நான் உள்ள வரல."

"அவசியம் குடுக்கறேன்மா," என்று சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டேன்.

அவள் போனதும் பிரித்தேன். அட்டை முழுக்க நீலம். மூக்கோடு மூக்கு வைத்தாற்போல இரண்டு மீன்கள். அடியில் பூக்கள், பாசி. கீழிருந்து மேலே போகும் குமிழிகள். எனக்கு அந்தக் குமிழிகள் மட்டும்தான் தெரிந்தன. தண்ணீருக்குப் புருஷனைக் கொடுத்தவள், தண்ணீரையே தீட்டிக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாளே, அபசகுனம் என்று பயந்தேன்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவன். கிரகணத்தன்று பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துவந்து, இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டியவன். அந்தக் கையால்தான், விருந்தினர் குளிக்க அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் அட்டையைத் தள்ளினேன். அதைத் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

மலையடிவார மண்டபத்தில் கல்யாணம் முடிந்தது. புறப்படும்போது பேத்தி என்னைத் தனியாக அழைத்து, "அக்கா எதுவும் குடுத்தனுப்பலயா தாத்தா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். முகம் விழுந்துவிட்டது. சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மருமகள் மதிலோரம் நின்று, "பாப்பா பாத்துச்சா நைனா? என்ன சொல்லிச்சு?" என்று கேட்டாள். பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

இரண்டு பேரிடமும் கைப்பேசி இருந்தது. மனம் நொந்தவர்கள் முதலில் கூப்பிட மாட்டார்கள். அவள் கூப்பிடட்டும் என்று இவளும், இவள் கூப்பிடட்டும் என்று அவளும் இருந்துவிட்டார்கள். வருடம் திரும்பியதும் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு அவள் நகரிக்கு, தாய் வீட்டுக்கே போய்விட்டாள். போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள்.

அதற்கடுத்த கோடையில் பேத்திக்கு வயிற்றில் இருந்த குழந்தை தங்காமல் போயிற்று. உடம்பு தேற இங்கே வந்திருந்தாள். சாப்பிட மாட்டாள், பேச மாட்டாள். ஒரு சாயங்காலம், பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டைப் பார்த்தபடி, "அக்கா இருந்திருந்தா நான் அழுதிருப்பேன் தாத்தா," என்றாள். எதைத் தடுப்பதாக நினைத்து அட்டையை எரித்தேனோ அது நடக்காமல் போகவில்லை. அவள் அழுவதற்கு இருந்த ஒரு மடியைத்தான் இல்லாமல் செய்திருக்கிறேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பேத்தி சென்னைக்குத் திரும்பியதும் ரப்பரும் பிளேடும் வாங்கினேன். நினைவிலிருந்து அதே அட்டையைச் செய்ய முயன்றேன். பதித்தபோது, தனித்தனி ரப்பரில் செதுக்கிய இரண்டு மீன்களும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நின்றன. கண்ணாடியில் இடம் வலமாகும் என்று பாடம் நடத்தியவனுக்கு, அச்சிலும் அப்படித்தான் என்பது தோன்றவில்லை. விரலில் வெட்டுப்பட்டுச் செதுக்கிய அவற்றை இடம் மாற்றிப் பதித்தேன். நறுக்கியதும் பதித்தால் வெண்டைக்காயின் கொழகொழப்பில் மை பரவியது. சற்று உலரவிட்டுப் பதித்தேன். ஏறக்குறைய அதே போல வந்தது.

கிருத்திகைக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து நகரி பஸ் ஏறினேன். அவள் தறியில் நின்றிருந்தாள்.

"வாங்க சார்," என்றாள்.

நைனா என்று சொல்லவில்லை. தறியையும் நிறுத்தவில்லை. அந்த இரைச்சலுக்கு மேல் கத்தித்தான் என் குற்றத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. எரித்துவிட்டேன் என்றதும் சுவிட்சை அணைத்தாள்.

"அப்ப பாப்பா பாக்கவே இல்லயா?"

"இல்லம்மா."

"பாத்துட்டு ஒண்ணும் சொல்லலன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

தறியில் அறுந்திருந்த ஒரு நூலை எடுத்து முடிச்சுப் போட்டாள். "அவரு போனப்புறம் தொட்டித் தண்ணியக்கூட என்னால பாக்க முடியல சார். கண்ண மூடிகினுதான் மொண்டு ஊத்திப்பேன். பாப்பாகிட்ட சொல்லிட்டமேன்னுதான் அத செஞ்சேன். நீல மைய தொடுறதுக்குள்ள எத்தினி வாட்டி எழுந்து போனேன் தெரியுமா?"

நான் செய்துகொண்டு போனதை நீட்டினேன். மீன்களைப் பார்த்தாள். பிறகு திறந்து பார்த்தாள்.

"உள்ள வெறுமனே இருக்குதே."

"நீ எழுதினத நான் படிக்கலம்மா. திறக்கவே இல்ல."

"அதுகூட பாக்கலியா," என்று மெதுவாகச் சொன்னாள். அட்டையை மூடி என் கையிலேயே வைத்தாள். "நீங்களே வெச்சிக்கோங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சிட்டு போங்க."

சொம்பை என் பக்கம் வைத்துவிட்டுத் தறியை ஓட்டத் தொடங்கினாள்.

அந்த வாரமே சென்னைக்குப் போய்ப் பேத்தியிடமும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அக்கா வீடு நகரியில எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. பெயர் சூட்டும் நாளுக்கு என்னையும் முறையாக அழைத்தார்கள், போனேன். வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தது நகரியிலிருந்து வந்திருந்த அக்காதான். எனக்கும் கொடுத்தாள். "எடுத்துக்கோங்க சார்," என்றாள். தொட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. நீலத்தில் மூன்று மீன்கள். பேத்தி குழந்தையை எல்லார் மடியிலும் மாற்றி மாற்றி வைத்தாள். என் மடிக்கு வருமுன் குழந்தைக்குத் தூக்கம் வந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே எடுத்துப் போனாள். குழந்தை விழித்துக்கொண்டுதான் இருந்தது.

நான் செய்த அட்டை என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. சில நாட்களில் எடுத்துத் திறந்து, அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தபடி, தண்ணீரைக் கண்டு நடுங்கிய ஒருத்தி அந்த நீலத்துக்குள் உட்கார்ந்து என்ன வாழ்த்து எழுதியிருப்பாள் என்று யோசிப்பேன். பேத்திக்கு அது இப்போது தெரிந்திருக்கலாம். அதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.